செம்மறியாடு, வெள்ளாடு: வட்டார எண்ணிக்கையின் நீண்டகாலப் போக்குகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக அளவில் ஆடுகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா?

இரு இனங்களும் பெருகியிருக்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு தொகுத்துவரும் தரவுத் தொடர் 1961-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் உலகில் ஏறத்தாழ 99 கோடிச் செம்மறியாடுகளும் 35 கோடி வெள்ளாடுகளும் இருந்தன. 2020-களின் தொடக்கத்தில் செம்மறி 128 கோடியை ஒட்டியும் வெள்ளாடு 110 கோடியை ஒட்டியும் வந்துவிட்டன. மூன்று செம்மறிக்கு ஒரு வெள்ளாடு என்றிருந்த விகிதம் அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ சமநிலையை எட்டியிருக்கிறது.

செம்மறியின் ஏற்றம் சீரானதும் அல்ல. 1990-ஐ ஒட்டி 120 கோடி வரை ஏறிய எண்ணிக்கை, அடுத்த பத்தாண்டில் 106 கோடி அளவுக்கு இறங்கி, அதன் பிறகே மீண்டும் ஏறியது. அந்த இறக்கம் உலகெங்கும் பரவலாக நிகழ்ந்ததன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அன்றைய சோவியத் நாடுகள், தென் அமெரிக்காவின் தென்கோடி ஆகியவற்றில் மந்தைகள் சரிந்துகொண்டிருந்தபோது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் அவை பெருகிக்கொண்டிருந்தன. உலகத் தொகை என்பது எதிரெதிர்த் திசைகளில் செல்லும் பல வட்டாரங்களைக் கூட்டிப் பெற்ற எண் என்பதால், அதை வைத்து எந்த ஒரு வட்டாரத்தைப் பற்றியும் முடிவுக்கு வர இயலாது.

வெள்ளாடு மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகியது?

இனப்பெருக்க வேகம் ஒரு காரணம். இரு இனங்களுக்கும் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள்தான். ஆயினும் வெப்பமண்டல வெள்ளாட்டு இனங்கள் பலவற்றில் இரட்டைக் குட்டிகள் வழக்கமாகக் கிடைக்கின்றன, பெட்டைக் குட்டி இளம் வயதிலேயே சினைப்பிடித்துவிடுகிறது. தீவனம் மற்றொரு காரணம். செம்மறி தலைகுனிந்து புல்லை மேய்வது, வெள்ளாடோ முன்னங்கால்களைத் தூக்கி நின்று செடி, புதர், மரக்கிளைகளின் தழையைக் கடிப்பது. புல்வெளி சுருங்கி முட்புதர் பரவிய நிலங்களில் செம்மறிக்கு வயிறு நிறையாதபோதும் வெள்ளாட்டுக்கு இரை கிடைத்துவிடுகிறது.

ஆனால் முதன்மைக் காரணத்தைச் சந்தையிலும் நில உடைமையிலும்தான் தேட வேண்டும். செம்மறியின் பெருமந்தைகள் பலவும் கம்பளியை நம்பி உருவானவை. செயற்கை இழைகள் வந்து கம்பளியின் இடத்தைப் பிடித்ததும் அம்மந்தைகளின் அடிப்படை ஆட்டம்கண்டது. வெள்ளாடு பெரும்பாலும் இறைச்சிக்காகவும், நிலமற்ற குடும்பங்கள் அவசரத் தேவைக்கு விற்றுக்கொள்ளும் சேமிப்பாகவும் வளர்க்கப்பட்டதால் இழைச் சந்தையின் வீழ்ச்சி அதைத் தொடவில்லை. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்த வட்டாரங்களில், மாடு வாங்க வழியில்லாத குடும்பமும் இரண்டு பெட்டை ஆடுகளோடு தொடங்கிவிட முடியும். வெள்ளாட்டுக் கோடு மக்கள்தொகைக் கோட்டை ஒட்டியும் செம்மறிக் கோடு விலைக் கோட்டை ஒட்டியும் நகர்வதைப் பல நாட்டுத் தரவுகளில் காணலாம். விதிவிலக்கு மங்கோலியா, அதைக் கீழே விளக்குகிறோம்.

ஆஸ்திரேலியாவின் செம்மறிகள் பாதிக்கும் கீழே குறைந்ததற்கு வறட்சிதான் காரணமா?

வறட்சி என்பது பாதி விடைகூட அல்ல. ஆஸ்திரேலிய மந்தை 1970-இல் ஏறத்தாழ 18 கோடி என்னும் உச்சத்தைத் தொட்டது. 2020-இல் அது 6.4 கோடி அளவுக்கு வந்து நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இவ்வளவு தாழ்ந்த எண்ணிக்கை அங்குப் பதிவானதில்லை. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் கொடிய வறட்சிகள் வந்தன என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன்பும் வந்தன. 1890-களில் 10 கோடிக்கு மேலிருந்த மந்தை 1902-இல் முடிந்த பெருவறட்சியில் ஏறத்தாழ பாதியானது, இருந்தும் பின்னர் மீண்டெழுந்து முந்தைய உச்சத்தையும் கடந்து சென்றது. வறட்சி மந்தையைக் குறைக்கும். குறைந்த மந்தை மீளுமா மீளாதா என்பதை ஆடு வளர்ப்பில் கிடைக்கும் வருமானமே தீர்மானிக்கிறது.

1990-களில் மீளாமல் போனதற்கான காரணம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. கம்பளிக்குக் குறைந்தபட்ச விலையை உறுதிசெய்யும் திட்டம் ஒன்று அங்கு 1970-களிலிருந்து நடைமுறையில் இருந்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் கம்பளியை வாங்கிக் கிடங்கில் சேர்த்துவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1988-இல் அந்த அடிவிலை கிலோவுக்கு 870 சென்ட்டாக உயர்த்தப்பட்டது. விலை உறுதியானதும் வளர்ப்போர் ஆடுகளைப் பெருக்கினர், மந்தை மீண்டும் 17 கோடியை எட்டியது. அதே வேளையில் வெளிநாட்டு ஆலைகள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. 1990-இல் அடிவிலையை 700 சென்ட்டாகக் குறைத்தும் பயனின்றி, 1991 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டபோது, விற்காமல் தேங்கிய கம்பளி ஏறத்தாழ 47 லட்சம் பொதிகள். அவற்றை முழுவதும் விற்றுத் தீர்க்க 2001 வரை ஆயிற்று. வாங்க ஆளில்லாத ஆடுகள் லட்சக்கணக்கில் சுட்டுப் புதைக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் பழைய கையிருப்பு சந்தையின் தலைமேல் நின்றதால் புதிதாக மந்தை பெருக்க எவருக்கும் துணிவு வரவில்லை. கோதுமை பயிரிடுவதற்கும் மாட்டு இறைச்சிக்கும் நிலங்கள் மாறின. அதன் பிறகு 2000-களில் வந்த நீண்ட வறட்சி, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த கோட்டை மேலும் கீழே இழுத்தது.

ஆஸ்திரேலிய வெள்ளாடுகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் தேவை. அந்நாடு உலகின் முன்னணி வெள்ளாட்டு இறைச்சி ஏற்றுமதி நாடு. ஆனால் அந்த இறைச்சியின் பெரும்பகுதி, பண்ணைக் கணக்கில் முழுமையாக வராமல் மேய்ச்சல் பரப்பில் தன்போக்கில் திரியும் ஆடுகளைச் சுற்றிவளைத்துப் பிடித்துப் பெறப்படுவது. பண்ணை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இத்தனை இறைச்சி எங்கிருந்து வந்தது என்பது புரியாது.

எண்ணிக்கை குறைந்தால் உற்பத்தியும் குறைந்ததாகத்தானே பொருள்?

இல்லை. இதற்கு நியூசிலாந்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அங்குச் செம்மறிகள் 1982-இல் 7 கோடியைத் தாண்டின. ஒரு மனிதருக்கு 22 ஆடுகள் என்ற கணக்கு. 1984-இல் பதவியேற்ற அரசு வேளாண் மானியங்களைச் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் விலக்கிக்கொண்டது. மானியத்துக்காகவே வைத்திருந்த ஆடுகள் வெட்டுக்குப் போயின, சரிவான நிலங்கள் மரம் வளர்ப்புக்கும் சமநிலங்கள் பால்மாட்டுக்கும் மாறின. இப்போது எண்ணிக்கை 2.5 கோடிக்குக் கீழே இருக்கிறது.

மூன்றில் இரண்டு பங்கு ஆடுகள் போன பின்பும் இறைச்சி உற்பத்தி அதே விகிதத்தில் விழவில்லை. 1990-ஐ ஒட்டி 100 பெட்டை ஆடுகளுக்கு ஏறத்தாழ 100 குட்டிகள் தேறின, இன்று 130 அளவுக்குத் தேறுகின்றன. வெட்டித் தோலும் குடலும் நீக்கிய குட்டியின் சராசரி எடை 14 கிலோவிலிருந்து 19 கிலோ வரை உயர்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு பெட்டை ஆடு தரும் குட்டி இறைச்சி முக்கால் பங்குக்கு மேல் கூடியிருப்பது தெரியும். எனவே தலைக்கணக்கை மட்டும் பார்த்து ஒரு தொழில் அழிந்துகொண்டிருக்கிறது என்று எழுதுவது அவசரமான முடிவு. கம்பளியைப் பொறுத்தவரை இவ்வாறு சொல்ல முடியாது. அங்குத் தலை குறைந்தால் கம்பளியும் குறையும்.

மானியம் உண்மையிலேயே அந்த அளவுக்கு எண்ணிக்கையை மாற்றுமா?

மாற்றும், குறிப்பாகத் தலைக்கு இவ்வளவு என்று தரப்படும்போது. ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு) 1980-இல் செம்மறி இறைச்சிக்கான ஆதரவு முறையைக் கொண்டுவந்த பின், பெட்டை ஆடு ஒன்றுக்கு இவ்வளவு தொகை என்ற உதவி கிடைத்ததால், பிரிட்டனின் மந்தை 3.1 கோடியிலிருந்து 1990-களில் 4.4 கோடி வரை வீங்கியது. 2001-இல் பரவிய கோமாரி நோயை ஒடுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன, அவற்றில் பெரும்பாலானவை செம்மறிகள். பலரும் பிரிட்டனின் சரிவுக்கு இந்நோயையே காரணம் காட்டுகிறார்கள். நோய் தணிந்த பின்னும் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பாததற்கு, 2005-இல் உதவித்தொகையைத் தலைக்கணக்கிலிருந்து பிரித்து நிலக்கணக்கோடு இணைத்ததே வலுவான விளக்கம்.

அமெரிக்காவில் செம்மறி 1942-இல் 5.6 கோடியாக இருந்து இப்போது 50 லட்சத்தில் நிற்கிறது. 1954-இல் வந்த கம்பளி ஊக்கத்தொகைச் சட்டம் அந்தச் சரிவை மெதுவாக்கியதே தவிர நிறுத்தவில்லை. 1990-களின் நடுவில் அந்த ஊக்கத்தொகை முடிவுக்கு வந்தது.

மங்கோலியாவிலும் மத்திய ஆசியாவிலும் நேரெதிரான போக்குகள் தெரிவது ஏன்?

இரண்டு வட்டாரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், அதாவது 1990-களின் தொடக்கத்தில், கூட்டுப்பண்ணை முறையை விட்டு வெளியேறின. கசகஸ்தானில் 3.5 கோடியாக இருந்த செம்மறி, வெள்ளாடுகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 1 கோடிக்கும் கீழே விழுந்தன. கம்பளியைக் கொள்முதல் செய்துவந்த அரசு அமைப்பு இல்லாமற்போயிற்று. சம்பளத்துக்குப் பதிலாக ஆடுகள் கொடுக்கப்பட்டன, அவை மாவுக்கும் எரிபொருளுக்கும் பண்டமாற்றாகப் போயின. தொலைவிலுள்ள கோடைக்கால, குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்கு மந்தையை ஏற்றிச்செல்ல வாகனமோ, அங்குக் கிணறோ பராமரிப்போ இல்லாததால் எஞ்சிய ஆடுகள் ஊரைச் சுற்றியே மேய்ந்தன. இதனால் விந்தையான ஒரு நிலை உருவாயிற்று: நாட்டின் மொத்த ஆடுகள் ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கியிருந்தபோதும், ஊரை ஒட்டிய நிலங்கள் கட்டாந்தரையாயின. கிர்கிஸ்தானிலும் இதே கதைதான்.

மங்கோலியாவில் மந்தைகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆலைகள் மூடப்பட்டு வேலை இழந்தோர் பலர் நகரத்திலிருந்து மேய்ச்சலுக்குத் திரும்பினர். அங்குக் கையில் காசு தரக்கூடிய ஒரே பொருள் வெள்ளாட்டின் அடிமயிரான மென்கம்பளி (காஷ்மீர் கம்பளி). எல்லைக்கு அப்பால் சீன ஆலைகள் அதை வாங்கக் காத்திருந்தன. 1990-இல் 51 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் 2018-இல் 2.7 கோடியாயின. மொத்தக் கால்நடையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தவை ஐந்தில் இரண்டு பங்காகிவிட்டன. வெள்ளாடு மக்கள்தொகையோடு நகர்கிறது என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு. இங்கு அது இழைச் சந்தையின் பிடியில் இருக்கிறது.

இடையிடையே 'சூட்' எனப்படும் கடுங்குளிர்ப் பேரழிவு வருகிறது. கோடையில் புல் வளராமல் மெலிந்துபோன ஆடுகள், குளிர்காலத்தில் பனி உறைந்து இறுகித் தரையை மூடிவிடும்போது புல்லைக் கொறிக்க முடியாமல் மடிகின்றன. 2009–10 குளிர்காலத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடிக் கால்நடைகள், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், மாண்டன. ஆனால் பத்தே ஆண்டுகளில் மொத்த எண்ணிக்கை 7 கோடியைக் கடந்து புதிய உச்சம் தொட்டது. அழிவின் ஆழத்தைக் காட்டிலும் மீட்சியின் வேகமே அங்குள்ள மேய்ச்சல் நிலத்துக்குப் பெரிய கேள்வி என்பது எங்கள் கருத்து.

ஒரே நாட்டுக்கு ஒரே ஆண்டில் இரண்டு வெவ்வேறு எண்கள் கிடைக்கின்றன. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரி. எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்பதைப் பாருங்கள். பிரிட்டனில் குட்டிகள் பிறப்பது இளவேனிலில். ஜூன் மாதக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ பாதி, அந்த ஆண்டுக் குட்டிகள்தான். டிசம்பருக்குள் பெரும்பாலான குட்டிகள் வெட்டுக்குப் போய்விடுவதால் அப்போது எடுக்கும் கணக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருக்கும். மங்கோலியா டிசம்பரில், இலையுதிர்கால விற்பனை முடிந்த பின் எண்ணுகிறது. நியூசிலாந்து ஜூன் இறுதியில் எண்ணுகிறது, ஆனால் அது தென்கோளம் என்பதால் குட்டி ஈனும் பருவம் இன்னும் தொடங்கியிராது. ஜூன் என்ற ஒரே சொல்லை நம்பி பிரிட்டனையும் நியூசிலாந்தையும் பக்கத்தில் வைத்தால், குட்டிகளோடு கூடிய மந்தையையும் குட்டியில்லா மந்தையையும் ஒப்பிட்டதாக முடியும். நீண்டகாலப் போக்குக்கு, கிடைக்குமானால், குட்டி ஈனும் பெட்டை ஆடுகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

ஆப்பிரிக்க எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

போக்கின் திசையை நம்பலாம், கடைசி இலக்கங்களை நம்ப வேண்டாம். பல நாடுகளில் கால்நடைக் கணக்கெடுப்பு பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட நடப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, முந்தைய எண்ணின் மேல் ஒரு நிலையான வளர்ச்சி விகிதத்தை ஏற்றி அறிக்கை தருகிறார்கள். வறட்சி வந்த ஆண்டிலும் வராத ஆண்டிலும் கோடு ஒரே சாய்வில் ஏறிச் சென்றால், அது எண்ணிப் பெற்றதல்ல, கணக்குப் போட்டுப் பெற்றது என்று அறியலாம். சாட் நாடு 2014–15-இல் விரிவான கணக்கெடுப்பு நடத்தியபோது, அதுவரை புழங்கிவந்த மதிப்பீட்டைவிடப் பல மடங்கு கால்நடைகள் இருப்பது தெரியவந்தது. வரைபடத்தில் அது திடீர்ப் பாய்ச்சலாகத் தெரியும். மந்தை பாயவில்லை, அறிவு பாய்ந்தது.

எல்லை மாற்றமும் இவ்வாறே ஏமாற்றும். 2011-இல் தெற்கு சூடான் தனிநாடானதும் சூடானின் எண்ணிக்கையில் முறிவு விழுகிறது. சோவியத் ஒன்றியத்தின் தொடரும் 1991-இல் அறுந்து பல நாடுகளாகப் பிரிகிறது. இத்தகைய இடங்களில் பழைய எல்லைக்குள் அடங்கும் நாடுகள் அனைத்தையும் கூட்டித்தான் தொடரை நீட்ட வேண்டும்.

இந்தியக் கணக்கெடுப்புகளின் ஏற்ற இறக்கத்தை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919–20 முதல் நடந்துவருகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது முறை, நடைமுறையில் இடைவெளி நீள்வதுண்டு. 1951-இல் வெள்ளாடு 4.72 கோடி, செம்மறி 3.91 கோடி. 2019-இல் வெள்ளாடு 14.89 கோடி, செம்மறி 7.43 கோடி. ஆண்டுச் சராசரி வளர்ச்சியாக மாற்றினால் வெள்ளாட்டுக்கு 1.7 விழுக்காடும் செம்மறிக்கு 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் வருகிறது.

குறுகிய காலத்தை எடுத்தால் நிலைமை குழம்பும். வெள்ளாடு 2007-இல் 14.05 கோடி, 2012-இல் 13.52 கோடி. 2012-ஐத் தொடக்கமாகக் கொண்டால் 2019 வரை 10 விழுக்காடு வளர்ச்சி. 2007-ஐத் தொடக்கமாகக் கொண்டால், ஐந்தாண்டு கூடுதலாக இருந்தும், 6 விழுக்காடுதான். தாழ்ந்த புள்ளியில் தொடங்கி உயர்ந்த புள்ளியில் முடிப்பவர் தமக்கு வேண்டிய விடையைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

மாநில அளவில் இன்னும் கவனம் வேண்டும். 2012-க்கும் 2019-க்கும் இடையில் தெலங்கானாவின் செம்மறிகள் ஏறத்தாழ 48 விழுக்காடு கூடி 1.9 கோடியாயின, அதே காலத்தில் ராஜஸ்தானில் 90 லட்சத்திலிருந்து 79 லட்சத்துக்குக் குறைந்தன. தெலங்கானாவில் 2017-இல் தொடங்கிய திட்டம் 75 விழுக்காடு மானியத்தில், 20 பெட்டைகளும் ஒரு கிடாவும் கொண்ட தொகுதிகளை ஆடு வளர்க்கும் குடும்பங்களுக்கு வழங்கியது. அந்த ஆடுகள் அண்டை மாநிலங்களிலிருந்து வாங்கி வரப்பட்டவை. ஆகவே அந்த 48 விழுக்காட்டில் ஒரு பகுதி பிறப்பால் வந்த பெருக்கம், மற்றொரு பகுதி லாரியில் வந்த இடமாற்றம். இதே ஏழாண்டுகளில் தமிழ்நாட்டில் வெள்ளாடு 81 லட்சத்திலிருந்து 99 லட்சமாக உயர, செம்மறி 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது. இரண்டையும் ‘ஆடு’ என்று கூட்டி எழுதினால் மொத்தம் கூடியதாக மட்டுமே தெரியும், செம்மறியின் தேய்வு மறைந்துவிடும்.

நோய்கள் நீண்டகாலப் போக்கை மாற்றுகின்றனவா?

தேசிய அளவில் பெரும்பாலும் இல்லை, குடும்ப அளவில் நிச்சயம். ஆட்டுக்கொல்லி நோய் 1942-இல் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆசியா எங்கும் பரவியிருக்கிறது. புதிதாக நுழையும் மந்தையில் பெரும்பகுதியைக் கொல்லக்கூடியது. 2030-க்குள் அதை உலகிலிருந்து ஒழிக்க 2015-இல் பன்னாட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும் ஒரு தாலுகாவில் பாதி ஆடுகளைக் கொன்ற நோய், தேசியக் கோட்டில் ஒரு சிறு நெளிவாகக்கூடத் தெரியாமல் போகலாம். ஈற்று வேகம் அதை இரண்டு மூன்று ஆண்டுகளில் நிரப்பிவிடும். ஆட்டை இழந்த குடும்பமும் அதை நிரப்பிய குடும்பமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மந்தை பெருகும் ஆண்டுகளில் இறைச்சி வரத்துக் குறைவதும், மந்தை சுருங்கும் ஆண்டுகளில் சந்தையில் ஆடு குவிவதும் ஏன்?

மந்தையைப் பெருக்க விரும்புபவர் முதலில் செய்வது பெட்டைக் குட்டிகளை விற்காமல் நிறுத்திக்கொள்வது. அதனால் பெருக்கத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் ஆடுகள் குறைந்து விலை ஏறும். வறட்சியில் இதற்கு நேர்மாறு: தீவனம் தீர்ந்ததும் ஈனும் பெட்டைகள்கூட விற்பனைக்கு வருவதால் வரத்து பெருகி விலை விழும். 2020-க்குப் பின் மழை திரும்பியபோது ஆஸ்திரேலிய வளர்ப்போர் பெட்டைகளை நிறுத்திக்கொண்டு மந்தையை மீட்டெடுத்தது முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. எனவே வெட்டுக்கூடக் கணக்கைக் கொண்டு மந்தையின் அளவை ஊகிப்பவர்கள், வெட்டப்பட்டவற்றில் பெட்டை எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பங்கு வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், சந்தை நிறைந்திருந்தாலும் அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை இறங்கியே இருக்கும்.